வருவோர் மொழியும் இணையத்தளத்தின் வாயிலும்

கொழும்புத் தேசிய நூதனசாலையிலே மூன்று மொழிச் சாசனம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவரான செங் ஹோ என்பாரின் கடற்பயணங்களோடு தொடர்புடைய அக்கல்லிலே, 1409ஆம் ஆண்டுக்குரிய வாசகம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. சீன வாசகம் புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ் வாசகம் தேவேந்திரமுனையிலே கோயில்கொண்டிருந்த தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீக வாசகமோ இசுலாத்தின் இறைவனைப் போற்றுகின்றது. காணிக்கையாக அளிக்கப்பட்ட பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலியவற்றின் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே காணப்படுகின்றது. கொடை ஒன்று, வாசகம் மூன்று. அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பன்று.

அக்கல்லின் முன் நின்ற வணிகன் எந்நாட்டவனாயினும் தன் எழுத்தைத் தானே தேடிக் கண்டுகொண்டிருப்பான். மூன்றும் ஒருங்கே அவன் கண்முன் இருந்தமையால், வந்தவன் இன்ன மொழியினன் என்று கல் ஊகிக்க வேண்டிய தேவை எழவில்லை. இக்காலத்து இணையத்தளத்தின் நிலை வேறு. அதன் பக்கத்திலே ஒரு வேளையில் ஒரு மொழியே தோன்றும். மற்றவை மறைந்து நிற்கும். ஆகவே எந்த மொழியைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை வாசகர் ஒரு சொல்லேனும் படிப்பதற்கு முன்னரே யாரோ ஒருவர் தீர்மானித்துவிட வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதே இங்கு கேட்கவேண்டிய கேள்வி.

பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஒருவர் இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது, அக்கருவி அத்தளத்தின் வாயிலிலே ஒரு சிறு சீட்டையும் நீட்டுகின்றது. தன்னை வைத்திருப்பவர் முதலில் விரும்பும் மொழி எது, அஃது இல்லையேல் அடுத்தது எது என்பன அச்சீட்டிலே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். விருப்பத்தின் அளவைக் காட்டுதற்கு 0 முதல் 1 வரையிலான மதிப்பும் இடப்படுவதுண்டு. தமிழுக்கு 1, சிங்களத்துக்கு 0.8, ஆங்கிலத்துக்கு 0.5 என்றாற்போலக் கொள்ளலாம். மொழிகளைக் குறிக்கக் குறியீடுகள் உள; தமிழின் குறியீடு ‘டி ஏ’ என்னும் இரண்டெழுத்து. இலங்கையில் வழங்கும் தமிழ் என்று காட்ட அதனோடு ‘எல் கே’ சேர்ப்பர். இந்தியாவில் வழங்கும் தமிழுக்கு ‘ஐ என்’ சேர்ப்பர். தளத்தை வைத்திருந்து வழங்கும் கணினி இச்சீட்டைப் படித்து, தன்னிடமுள்ள மொழிகளுள் மிகப் பொருந்தியதை எடுத்துக் கொடுக்கவேண்டும். இவ்வொழுங்கு 1990ஆம் ஆண்டுகளிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. சீரிய ஏற்பாடுதான். வந்தவரிடம் எதுவும் வினவாமலே அவர் மொழியிற் பேசுகின்ற நல்ல விருந்தோம்பி போன்றது அது.

ஆயின் அச்சீட்டை எழுதியவர் யார்? மன்னார்ப் பெருநிலத்திலே, மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவிலே, அடம்பன் என்னும் ஊர் இருக்கின்றது. கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் வயல் சூழ்ந்த ஊர். அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் மன்னார்க் கடைத்தெருவிலே கைத்தொலைபேசி ஒன்றை வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதை இயக்கி, ஆங்கிலத்திலே அமைத்துக் கையிற் கொடுக்கின்றார். கமக்காரர் அதிலே பேசுகின்றார், பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கின்றார், பாட்டுக் கேட்கின்றார். மொழி அமைப்பை அவர் தொட்டதே இல்லை. அன்றுமுதல் அவர் எந்தத் தளத்தின் வாயிலுக்குச் சென்றாலும், அவர் சட்டைப்பையிலிருந்து நீளும் சீட்டு ‘இவர் விரும்புவது ஆங்கிலம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தளமும் அதை நம்பி ஆங்கிலத்தையே கொடுக்கும். குற்றம் தளத்தினுடையதன்று, கமக்காரருடையதுமன்று. அவர் பெயரால் வேறு யாரோ தெரிவித்த விருப்பம் அவர் விருப்பமாகிவிட்டது.

சீட்டை நம்பாத தளங்களும் உள. அவை வருபவரின் இணைய இணைப்பைப் பார்த்து, இவர் எவ்விடத்திலிருந்து வருகிறார் என்று கணித்து, அதற்கேற்ற மொழியைக் கொடுக்க முயல்வன. இலங்கை போன்ற நாட்டிலே இவ்வழி எளிதிலே பிழைபடக்கூடியது. வடக்கிலிருந்து வரும் இணைப்பையும் அக்கணிப்பு கொழும்பு என்று காட்டுவதுண்டு. கணிப்புச் சரியாயினும் இடமும் மொழியும் ஒன்றல்ல. கொழும்பிலே தமிழர் வாழ்கின்றனர். கண்டித் தோட்டங்களிலே தமிழர் வாழ்கின்றனர். மன்னார் மாவட்டத்திலே தமிழரோடும் முஸ்லிம்களோடும் சிங்களக் குடும்பங்களும் வாழ்கின்றன. ஊரைக் கேட்டு மொழியை ஊகிப்பது, முகத்தைப் பார்த்துச் சமயத்தை ஊகிப்பதுபோலப் பல வேளைகளில் அவமதிப்பாகவே முடியும்.

கனடா நாட்டரசு இதனை எவ்வாறு கையாள்கின்றது என்பதை அங்குள்ள நம்மவர் பலர் நன்கறிவர். 1969ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் சமமாக்கும் மொழிச் சட்டத்தை அந்நாடு நிறைவேற்றியது. அவ்வரசின் பொதுத் தளத்தின் முன்வாயிலிலே ஊகம் ஏதும் இல்லை. இரு மொழிப் பெயர்களும் பக்கத்திற்குப் பக்கமாக நிற்கின்றன. வருபவர் தமக்கு வேண்டியதைத் தொட்டு உட்செல்கின்றார். ஒரு தொடுகை மிகுதிதான். எனினும் அத்தொடுகை வந்தவருடையது. காலிக் கல்லின் முறையும் இதுவேயன்றோ!

இலங்கை அரசாங்கத் தளங்கள் பலவற்றின் தலைப்பிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று சொற்களைக் காணலாம். இதை ஒரு சலுகை என்று சிலர் எண்ணுகின்றனர், சலுகையன்று, சட்டம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டிலே தமிழுக்குச் சில விசேட ஏற்பாடுகளைச் செய்யும் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டு வந்த பதினாறாந் திருத்தம், நாட்டின் எப்பகுதியிலுள்ள கந்தோரோடும் ஒருவர் தமிழிலே தொடர்புகொள்ளவும், தமிழிலே மறுமொழி பெறவும், தாம் பெற உரித்துடைய பதிவேட்டுப் பிரதியைத் தமிழிலேனும் தமிழ் மொழிபெயர்ப்பிலேனும் பெறவும் உரிமை வழங்கியது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலே இது காணப்படும். 1988ஆம் ஆண்டிலே இதை எழுதியவர்கள் இணையத்தளம் என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். எனினும் ‘தொடர்புகொள்ளுதல்’, ‘மறுமொழி பெறுதல்’ என்னும் அவர்கள் சொற்கள் தாளுக்கு மட்டும் உரியனவல்ல.

அடம்பன் போன்ற ஓர் ஊரிலே இவ்வுரிமை வெறும் மொழிப்பற்றைச் சேர்ந்ததன்று. 2008ஆம் ஆண்டிலே போர் அவ்வூரைக் கடந்து சென்றது. மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வன்னியின் உட்பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் மீளக் குடியேறினர். இடையிலே காணி உறுதிகளும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் பல குடும்பங்களிலே தொலைந்தன. தொலைந்த தாளை மீளப் பெறுவதற்குப் பிரதி கேட்கவேண்டும். பிரதி கேட்பதற்கு விண்ணப்பம் நிரப்பவேண்டும். விண்ணப்பத்திலே ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஒரு பெயர் இரண்டு பெயராகிவிடும். இத்தகைய ஊராருக்கு அரசாங்கத் தளத்தின் மொழி என்பது பத்திரம் கைக்கு வருமா வராதா என்பதோடு பிணைந்தது.

2023ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். ‘அஸ்வெசும’ என்னும் நலன்புரிக் கொடுப்பனவுக்குத் தெரிவானோர் பெயர்கள் அவ்வாண்டு ஜூன் மாதத்திலே வெளியாயின. பெயர் இடம்பெறாதோர் குறித்த நாளுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது; இணையவழியும் அதற்குத் திறந்திருந்தது. திட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆறுதல், நிவாரணம் என்ற பொருள்தரும் சிங்களச் சொல் அது. தமிழிலே அதன் ஒலி மட்டும் எழுதப்பட்டது, பொருள் வரவில்லை. தமிழெழுத்திலே இருப்பதெல்லாம் தமிழாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. பெயராவது பழகிப்போகும். மேன்முறையீட்டுக்குரிய கால எல்லை பழக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

தளம் அமைப்போர் கையாளும் வழக்கம் ஒன்று இவ்விடத்திலே பெருந்தீங்கு செய்யக்கூடியது. தளத்திலுள்ள வாசகங்களை அவர்கள் தனித்தனி வரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் மொழிபெயர்ப்பை எழுதிப் பட்டியலாக வைப்பர். ஒரு வரிக்குத் தமிழ் எழுதப்படவில்லையாயின், கணினி வாய் பேசாமல் அந்த இடத்திலே மூல மொழியை, பெரும்பாலும் ஆங்கிலத்தை, இட்டு நிரப்பிவிடும். முதற்பக்கம் பலரும் பார்ப்பது; ஆகவே அது முழுதும் தமிழாக்கப்படும். உள்ளே நாலாம் பக்கத்திலே உள்ள படிவமும், படிவத்திலே பிழைவிட்டால் சிவப்பு எழுத்திலே தோன்றும் எச்சரிக்கையும், இறுதியிலே வரும் பற்றுச்சீட்டும் எவர் கண்ணிலும் முதலிலே படுவதில்லை, அவை விடுபட்டுப்போகும். வாயிலிலே ‘வணக்கம்’ என்று வரவேற்ற தளம், ‘உமது அடையாள அட்டை இலக்கம் பிழை’ என்று சொல்லவேண்டிய நேரத்திலே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எல்லாம் நல்லபடி நடக்கும்போது மொழி அத்துணை தேவைப்படுவதில்லை, தடைப்படும்போதுதான் தேவைப்படுகின்றது. படக்காட்சியோ பாட்டோ வழங்கும் தளத்திலே இக்குறை பொறுக்கத்தக்கது. மேன்முறையீடு ஏற்கும் தளத்திலே பொறுக்கத்தக்கதன்று. தமிழ் இல்லாத இடத்திலே ‘இப்பகுதி இன்னும் தமிழிலே ஆக்கப்படவில்லை, இன்ன கந்தோரிலே கேட்டறிக’ என்று வெளிப்படையாகச் சொல்வது மெல்ல ஆங்கிலத்தை நுழைப்பதினும் நேர்மையானது.

‘இந்தத் தொல்லை எதற்கு, இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமே’ என்பார் இன்று பலர். கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புப் பொறியிலே 2011ஆம் ஆண்டு தமிழும் 2014ஆம் ஆண்டு சிங்களமும் சேர்க்கப்பட்டன. அன்றிருந்ததைவிட இன்று அப்பொறிகள் எவ்வளவோ திருந்திவிட்டன என்பதை மறுப்பது நியாயமன்று. ஒரு செய்தியின் சாரத்தை அறிய அவை பெருந்துணை. ஆயினும் ஒற்றைச் சொற்களாக நறுக்கிக் கொடுத்தால் எந்தப் பொறிக்கும் தடுமாற்றமே. தளத்தின் முகப்பைக் குறிக்கும் ‘ஹோம்’ என்ற சொல் ‘வீடு’ ஆகிவிடக்கூடும். மாதப் பெயராகிய ‘மே’, ஆங்கிலத்திலே ‘கூடும்’ என்றும் பொருள்படுமாதலால், பிறந்த மாதங்களின் பட்டியலிலே ‘இருக்கலாம்’ என்று வந்து நிற்கக்கூடும்.

ஊர்ப் பெயர்களோ இதனினும் ஆபத்தானவை. சிங்களத்திலிருந்தோ தமிழிலிருந்தோ ஆங்கில எழுத்துக்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வரும் பெயர் தன் நெடிலையும் குறிலையும் வழியிலே தவறவிட்டு வரும். மாந்தை என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், அவ்வெழுத்தை ‘மந்தை’ என்றும் படிக்கலாம். பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் விளங்கும் பழந்துறைமுகப் பகுதி ஆட்டு மந்தையாகிவிடும். சிரிப்புக்கு இடமாகும் இப்பிழை ஒருவருடைய முகவரியிலே ஏறிவிட்டாலோ, பின்னர் அதைத் திருத்த அவர் எத்தனை படி ஏறவேண்டும்!

எந்தத் தமிழ் என்ற கேள்வியும் உண்டு. இயந்திரங்கள் கற்கும் தமிழ் நூல்களிலும் செய்திகளிலும் தமிழ்நாட்டினுடையனவே மிகுதி. அங்கு ‘ஓட்டுநர் உரிமம்’ எனப்படுவது இங்கு ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. அங்கு ‘காப்பீடு’, இங்கு ‘காப்புறுதி’. அங்கு ‘மேல்முறையீடு’, இங்கு ‘மேன்முறையீடு’. ‘காணி’ என்பது அங்கு நில அளவையின் பெயராக அறியப்பட்டது. இங்கு நிலத்துக்கே பெயர். எது உயர்ந்தது என்ற வழக்கு வேண்டியதில்லை, இரண்டும் தமிழே. ஆனால் கந்தோரிலே தரும் தாளிலே ‘உறுதி’ என்றும், தளத்திலே ‘கிரயப் பத்திரம்’ என்றும் இருந்தால், கமக்காரர் தம்மிடம் இருப்பது கேட்கப்பட்ட தாள்தானா என்று மயங்குவார். அடம்பனிலே ‘கமநல சேவை நிலையம்’ என்றால் சிறுபிள்ளையும் வழிகாட்டும். ‘வேளாண் சேவை மையம்’ என்றால் பெரியவரும் சற்று யோசிப்பார். சீட்டிலே தமிழுக்குப் பின்னால் நாட்டின் குறியீடு சேர்க்க இடம் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கின்றனர்.

இலக்கணம் கற்றோர் சிந்திக்கவேண்டிய இடம் ஒன்றும் இதிலே இருக்கின்றது. தளம் அமைப்போர் ஆங்கில வாக்கியத்திலே சில வெற்றிடங்களை விட்டு, ஊர்ப்பெயரையும் நாளையும் பின்னர் அவற்றிலே பொருத்துவர். ஆங்கிலத்திலே இடத்தைக் குறிக்கும் சொல் தனித்து முன்னால் நிற்பதால் இது இடரின்றி நடக்கும். தமிழிலே வேற்றுமை உருபு பெயரின் இறுதியிலே ஒட்டி, அப்பெயரையே மாற்றிவிடும். மன்னாரில், அடம்பனில் என்பன எளிதில் அமையும். கொழும்பு ‘கொழும்பில்’ ஆகும்போது உகரம் கெடுகின்றது. யாழ்ப்பாணம் ‘யாழ்ப்பாணத்தில்’ ஆகும்போது சாரியை தோன்றுகின்றது. வவுனியா ‘வவுனியாவில்’ ஆகும்போது உடம்படுமெய் வருகின்றது. புணர்ச்சி அறியாத கணினி ‘கொழும்புஇல்’ என்றும் ‘யாழ்ப்பாணம்இல்’ என்றும் எழுதிவைக்கும். இதுவேனும் கண்ணை உறுத்துவதோடு போகும். சொல்வரிசை மாறினால் பொருளே மாறும். ஆங்கிலத் துண்டுகளை அந்த வரிசையிலேயே தமிழாக்கினால், ‘உமது விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது 12 ஜூன் அன்று நிராகரிக்கப்பட்டது’ என்றொரு வாக்கியம் பிறக்கலாம். ஜூன் 12ஆம் நாள் விண்ணப்பித்த நாளா, நிராகரித்த நாளா? மேன்முறையீட்டு நாட்களை எதிலிருந்து எண்ணுவது? இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. ‘விண்ணப்பித்த நாள்’ என்று ஒரு வரி, ‘முடிவு செய்த நாள்’ என்று மறுவரி, ‘இடம்’ என்று மூன்றாம் வரி. எதிரே பெயரும் நாளும் உருபின்றித் தனித்து நிற்கட்டும். வாக்கியத்தை ஒட்டவைக்கத் தெரியாவிட்டால் ஒட்டாமல் விடுவதே தமிழறிவு.

எழுத்துருத் தொல்லை ஒன்றும் நெடுங்காலம் இருந்தது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சிட்ட தமிழ், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே அது பொருளற்ற குவியலாகத் தோன்றிற்று. 1991ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒருங்குறி முறை தமிழுக்குத் தனியாக 128 இடங்களை ஒதுக்கியது. இலங்கை அலுவலகங்கள் அதனைக் கைக்கொள்ளப் பல்லாண்டு சென்றன. 2010ஆம் ஆண்டிலே ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கும் வழி பிறந்தது. ஆகவே எழுத்து இல்லை என்ற சாக்கு இன்று எவருக்கும் இல்லை. பழைய எழுத்துருவிலே கிடக்கும் சுற்றறிக்கைகளையும், தாளைப் படம்பிடித்து ஏற்றிய படிவங்களையும் மாற்றும் வேலை மாத்திரம் மிஞ்சிக் கிடக்கின்றது. சலிப்பூட்டும் வேலைதான், செய்யாவிட்டால் அவற்றிலுள்ள தமிழ், தேடுவோர் கைக்கு எளிதில் அகப்படாது.

இனி, அடம்பன் கமக்காரரின் சட்டைப்பையிலுள்ள சீட்டுக்கு மீளலாம். அதனை மாற்றி எழுதுதல் அரிதன்று. கைத்தொலைபேசியின் அமைப்புகளிலே மொழி என்னும் பகுதிக்குச் சென்றால், பல கருவிகளிலே தமிழ் என்பதன்கீழ் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாட்டுப் பெயர்கள் தோன்றும். இலங்கையைத் தெரிந்து முதலிடத்திலே வைக்கவேண்டும். ஆங்கிலம் வேண்டுமாயின் இரண்டாமிடத்திலே இருக்கலாம். இணையத்தைத் திறக்கும் செயலியிலே தனி மொழிப்பட்டியல் இருந்தால் அங்கும் அவ்வாறே செய்யவேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில நிமிடங்களிலே முடித்துக் கொடுக்கக்கூடிய காரியம்.

இதனால் அவர் ஒருவருக்கு விளையும் நன்மை சிறிதாக இருக்கலாம். பல தளங்கள் இச்சீட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆயினும் வேறொரு கணக்கும் இருக்கின்றது. தளத்துக்கு எத்தனை பேர் வந்தனர், அவர்தம் கருவிகள் எம்மொழியைக் கேட்டன என்று எண்ணிவைக்கும் மென்பொருள்கள் உள. செலவுத் திட்டம் வகுப்போர் முன்னிலையிலே வைக்கப்படுவன அவ்வெண்களே. வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலுமிருந்து தமிழர் எல்லோரும் ஆங்கிலச் சீட்டோடு சென்றால், தமிழைக் கேட்டவர் நூற்றுக்கு இத்தனை பேரே என்று அவ்வறிக்கை சொல்லும். பொய்யன்று, அவர்கள் கருவிகள் கேட்டது அதுதான். அதைக் கண்ட அதிகாரி, நாலாம் பக்கத்துப் படிவத்தைத் தமிழாக்கும் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று ஈழத்தார் சொல்வதுண்டு. அக்கொடியின் பெயரையே தாங்கிய ஊரிலே உள்ள ஒவ்வொரு கைத்தொலைபேசியும் தமிழைக் கேட்டால், அவ்வறிக்கையின் எண் அவ்வளவிற்கேனும் மாறும்.

மறுபுறத்திலே தளத்தை நடத்துவோர் செய்யவேண்டியதும் உண்டு. சீட்டு என்ன சொன்னாலும் மூன்று மொழிப் பெயர்களும் பக்கத்தின் உச்சியிலே எப்போதும் தெரியவேண்டும். ஒவ்வொன்றும் அதன் சொந்த எழுத்திலே இருக்கவேண்டும். வந்தவர் ஒருமுறை தமிழைத் தொட்டால், அடுத்த முறை அவர் வரும்போதும் அது நினைவிலே இருக்கவேண்டும். தமிழிலே நிரப்பிய படிவம் தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தரின் மேசைக்குப் போகவேண்டும். கொழும்பிலே அத்தகைய உத்தியோகத்தர் அமர்ந்திராத கந்தோரின் தளத்திலே, தமிழ் என்னும் சொல்லைத் தொட்டு உட்சென்ற அடம்பன் ஊரவர் தம் மறுமொழிக்காகக் காத்திருப்பார்.